தரையில் வைத்த கத்தி

அக்கா இல்லாமல் ஒரு தீபாவளி வந்தது, ஒரு பொங்கல் வந்தது, மரவள்ளி பிடுங்கும் பருவமும் வந்து முடிந்துவிட்டது. ஓராண்டு நிறைகிற இந்த நாளில் உங்கள் கையில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். முன்பக்கத்துப் படத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் அவரை உங்களில் சிலர் அத்தை என்பீர்கள், சிலர் பெரியம்மா என்பீர்கள், சங்கத்துப் பிள்ளைகள் அம்மா என்பீர்கள். எனக்கு அக்கா. அந்த உறவை வைத்துத்தான் எழுத வருகிறது.

எழுதச் சொன்னவன் அக்காவின் மகன் செல்வம். "சின்னம்மா, நீங்கதான் எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, அம்மா கூடவே இருந்தவங்க. நீங்களே எழுதிடுங்க. ஆனா புக்குல வர்றது. மரியாதையா எழுதணும். வந்தா, போனான்னு எழுதிடாதிங்க" என்றான். சரி என்றேன். அதனால் வந்தார், போனார் என்றே எழுதுகிறேன். உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நாளும் நான் அக்காவை அப்படிச் சொன்னதில்லை. இப்போது நான் ‘அவர்’ போடுவதைக் கேட்டால், "யாருடி அது, எந்த ஊரு அம்மா?" என்று கேட்டிருப்பார்.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் களமருதூரில், ஊரார் கழனியில் நாற்றுப் பிடுங்கிக் களை எடுத்துப் பிழைத்த எங்கள் அப்பா அம்மாவுக்குத் தலைப்பிள்ளையாகப் பிறந்தார் அக்கா. அடுத்துப் பிறந்தவள் நான். எங்களுக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. அக்கா பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. அம்மாவோடு நடவுக்குப் போய்விடுவார். என்னை மட்டும் பள்ளிக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று அப்பாவிடம் சண்டை பிடித்தவரும் அவர்தான். காரணம் பெரிய லட்சியம் ஒன்றும் இல்லை. நான் களை எடுக்கப் போனால் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவேன். "இவ கழனிக்கு வந்தா ஊருக்கே நஷ்டம்" என்று அக்கா சொல்லித்தான் எனக்குப் படிப்பு வந்தது.

சின்னசேலத்தில் ரயிலடியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மாமாவுக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். சில வருஷம் கழித்து, மாமாவின் தம்பியையே எனக்குப் பார்த்து முடித்தார் அக்கா. அக்காளும் தங்கையும் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டால் அடித்துக்கொள்வீர்கள் என்று உறவில் எல்லாரும் பயமுறுத்தினார்கள். அடித்துக்கொள்ளத்தான் செய்தோம். அக்காவுக்குக் குழம்பில் உப்பு போட வராது. ஒரு நாள் கம்மி, மறுநாள் ஜாஸ்தி. அதைச் சொன்னால் கோபம் வரும். சொல்லாமல் சாப்பிட்டால் அதற்கும் கோபம் வரும். இந்த ஒரு வருஷமாக என் வீட்டுக் குழம்பில் உப்பு சரியாகவே இருக்கிறது. அதைச் சாப்பிடத்தான் பிடிக்கவில்லை.

அக்கா கல்யாணமாகி வந்தபோது எங்கள் ஊர் தென்னாற்காடு மாவட்டம். பிறகு விழுப்புரம் என்றார்கள். அப்புறம் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டமானது. வீட்டை விட்டு நகராமலேயே மூன்று மாவட்டம் பார்த்துவிட்டதாகச் சொல்லிச் சிரிப்பார்.

கல்யாணத்துக்கு அப்புறம் அக்கா வேலைக்குப் போனது, ஊருக்கு வெளியே இருந்த சேகோ ஆலைக்கு. என் கல்யாணத்துக்குப் பிறகு நானும் அங்கேயே போனேன். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்து ஜவ்வரிசி ஆக்குகிற இடம். இளையவர்களுக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். கிழங்கு வண்டியிலும் டிராக்டரிலும் வந்து மலையாகக் கொட்டும். கொட்டகையில் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து தோலைச் சீவித் தள்ளுவோம். அதற்கப்புறம்தான் மிஷினுக்குப் போகும். கிழங்குப் பால் கையில் ஒட்டிக் காய்ந்து, கீறல் விழுந்த விரலில் இறங்கி எரியும். ஆலைத் தண்ணீரின் புளிச்ச வாடை சேலையில் ஏறினால் துவைத்தாலும் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைச் சுளித்தால், அக்கா இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, "ஜவ்வரிசிப் பாயசம் குடிக்க மட்டும் இனிக்குதா?" என்று கேட்பார்.

கத்தி அவரவருடையது. கொல்லரிடம் சொல்லி அடித்து வாங்கிய சின்னக் கத்தி. அதில் எங்களுக்கு இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, கத்தியை ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்குக் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் சண்டை வரும். தரையில் வைப்போம், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். இரண்டாவது, தண்ணீர் குடிக்கவோ ஒதுங்கவோ எழுந்து போனால் உட்கார்ந்த இடத்தில் கத்தியை வைத்துவிட்டுப் போவோம். கத்தி கிடந்தால் ஆள் வருகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. அக்கா அங்கே போவதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

எங்கள் வரிசையில் பச்சையம்மா என்று ஒரு பெண் இருந்தாள். கைப்பிள்ளைக்காரி. பிள்ளையை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று மேஸ்திரி உத்தரவு. அதனால் கேட்டுக்கு வெளியே புங்கமரத்தில் தூளி கட்டிப் போட்டிருப்பாள். பிள்ளை அழுகிற சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கும். கேட்டதும் அவளுக்கு ரவிக்கை நனையும். மேஸ்திரியிடம் கேட்டுத்தான் போக வேண்டும். அவர் வெளியூர்க்காரர், முதலாளிக்கு ஏதோ உறவு. "இப்பதானே போன, அப்புறம் போ" என்பார்.

ஒரு நாள் பிள்ளை வெகுநேரம் அழுதது. பச்சையம்மா கேட்டுப் பார்த்தாள், அவர் திரும்பியே பார்க்கவில்லை. கத்தியைத் தன் இடத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மேஸ்திரி வந்தார். அவள் இடத்தில் கிடந்த கத்தியை எடுத்தார். சுவருக்கு மேலே வீசி வெளியே எறிந்தார்.

"அவ இனிமே உள்ள வர வேணாம்" என்றார்.

அந்தக் கத்தி, அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்த மரத்தடியில் போய் விழுந்தது. பிள்ளைமேல் விழவில்லை. விழுந்திருக்கலாம். கொட்டகையில் அத்தனை கையும் நின்றுவிட்டது. அக்கா மட்டும் கையிலிருந்த கிழங்கை முழுசாகச் சீவி முடித்தார். கூடையில் போட்டார். கத்தியைத் தன் இடத்தில், தரையில் வைத்தார். எழுந்தார்.

"இன்னா?" என்றார் மேஸ்திரி.

"தண்ணி குடிக்கப் போறேன்."

"இப்பதானே குடிச்ச?"

"தாகம் அடங்கல."

அக்கா நடந்தார். நானும் கத்தியை வைத்துவிட்டு எழுந்தேன். எனக்கும் தாகம் என்றேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவளும் எழுந்தாள். அவ்வளவுதான், வரிசை முழுக்கத் தாகம் வந்துவிட்டது. கேட்டைத் தாண்டிப் புங்கமரத்தடிக்குப் போனோம். பச்சையம்மா ஒரு கையில் பிள்ளையையும் ஒரு கையில் கத்தியையும் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அக்கா அவளிடம், "நீ உன் இடத்துல உக்காந்தப்பறம்தான் நாங்க எங்க இடத்துல உக்காருவோம்" என்றார். அது நடக்குமா நடக்காதா என்பதில்தான் அப்புறம் எங்கள் எல்லாருடைய பிழைப்பும் தொங்கியது.

பெரியவர்கள் இதை வேலைநிறுத்தம் என்று சொல்வார்கள். எங்களுக்குள் அது இன்றைக்கும் ‘தண்ணி குடிக்கப் போன சமயம்’தான். செல்வம் நடக்கப் பழகியதும், எங்கள் அம்மா போய்ச் சேர்ந்ததும் தண்ணி குடிக்கப் போன சமயத்துக்கு முன்னால், பின்னால் என்றுதான் எங்கள் கணக்கு.

கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கத் தோழர் ஒருவர் சைக்கிளில் வந்தார். கோரிக்கை என்ன என்று கேட்டார். அந்த வார்த்தையே அப்போதுதான் காதில் விழுகிறது. அக்கா யோசிக்காமல் சொன்னார். "பச்சையம்மா உள்ள வரணும். பாலுக்கு அழற பிள்ளைக்கிட்டப் போக யாரையும் கேக்கக் கூடாது. தூளி கட்ட உள்ளயே நிழலா ஒரு எடம் வேணும்." தோழர் மூன்றையும் எழுதிக்கொண்டார். கூலி பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்றார். "அது அடுத்த வாட்டி தாகம் எடுக்கும்போது பாத்துக்கலாம்" என்றார் அக்கா.

மரத்தடியில் கஞ்சித் தொட்டி திறந்தோம். போராட்டக்காரர்களுக்கு ஊர் சேர்ந்து கஞ்சி ஊற்றுவதற்குப் பெயர் அது. எங்கள் தெருவில் அன்றாடம் உலை வைக்கவே வழியில்லாத வீடுகள்தான் எல்லாம். ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கை அரிசி வந்தது. மாமா ரயிலடியில் தன்னோடு மூட்டை தூக்குகிறவர்களிடம் பேசினார். அந்த ஆலை மூட்டையைத் தொட மாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆலையில் முன்னமே கட்டி அனுப்பியிருந்த ஜவ்வரிசி மூட்டைகள் ரயிலடியில் அப்படியே அடுக்கிக் கிடந்தன. மாமா வாய் திறந்து பேசியே பார்க்காதவள் நான். அன்றைக்கு அவரைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. அக்காவுக்கும் இருந்திருக்கும், சொல்ல மாட்டார். அன்று மாமாவின் கஞ்சியில் மட்டும் உப்பு சரியாக இருந்ததாகக் கேள்வி.

எல்லாரும் எங்கள் பக்கம் நின்றார்கள் என்று எழுதினால் அது பொய். மரவள்ளி பயிரிட்டவர்களுக்கு எங்கள்மேல் கடும் கோபம். பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது, சீக்கிரம் கறுத்து அழுகிவிடும். மேட்டுக்காட்டுக் கோவிந்தன் அண்ணன் வண்டி நிறையக் கிழங்கோடு கேட்டு முன்னால் நின்று எங்களைப் பிடி பிடியென்று பிடித்தார்.

"உங்க ரோஷத்துக்கு என் வெள்ளாம அழுவணுமா? இன்னா நியாயம் இது?"

"நியாயம் இல்லதாங்க அண்ணே," என்றார் அக்கா. "கேட்டை நாங்களா சாத்திக்கினு இருக்கோம்? பச்சையம்மாவ உள்ள வுடச் சொல்லுங்க, இப்பவே வந்து உங்க வண்டியத்தான் மொதல்ல உரிக்கிறோம்."

அவர் உள்ளே போய் முதலாளியிடம் கேட்டார். என்ன பேசினார்களோ, முகம் சிவந்து திரும்பி வந்தார். வந்த வேகத்தில் வண்டியை மரத்தடிக்கு ஓட்டிக் கிழங்கைச் சரித்துவிட்டார். "அழுவறதுக்கு நீங்களாவது தின்னு தொலைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கிழங்கு உரிக்க மாட்டோம் என்று வெளியே வந்தவர்களுக்குக் கிழங்கே சாப்பாடு. எங்கள் கத்தியோ உள்ளே. பச்சையம்மாவிடம் ஒன்று இருந்தது, ஆனால் அவள் இடத்தில் உட்காரும்வரை அதைத் தொடக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். தோலோடு துண்டாக உடைத்து வேகவைத்து, தண்ணீரை இரண்டு தடவை வடித்து, சூட்டோடு விரலால் உரித்துத் தின்றோம். பச்சை மிளகாயும் உப்பும் தொட்டுக்கொண்டு. இன்றைக்கும் அந்த ருசி எனக்கு வேண்டியிருக்கிறது. மிளகாயைக் கடித்துவிட்டு அக்கா விடுகிற மூச்சும் கூடவே வேண்டும்.

பிறகு ஒரு காலையில் லாரி வந்தது. கல்வராயன் மலையிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் இடத்தில் உட்கார்ந்து கிழங்கு சீவ. அந்த வருஷம் மலையில் மழை பொய்த்துச் சாமை விளையவில்லை என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், அந்த லாரி உள்ளே போனால் நாங்கள் தெருவில் என்பதுதான். எங்கள் பெண்கள் கல்லை எடுத்துவிட்டார்கள். நானும் ஒன்று எடுத்திருந்தேன்.

அக்கா குறுக்கே வந்து நின்றார். "கல்லக் கீழ போடுங்கடி. அவங்க கால்லயும் செருப்பு இல்ல, நம்ம கால்லயும் இல்ல. பாத்துக்கிங்க."

போட்டோம். அக்கா லாரியின் பக்கத்தில் போய், மேலே நின்ற பெண்களிடம் கத்தாமல் பேசினார்.

"அம்மா, உங்கள நாங்க ஒண்ணும் சொல்லல. உள்ள எங்க கத்திங்க தரையில கிடக்குது. நாங்கதான் வச்சிட்டு வந்தோம். அத மட்டும் எடுக்காதிங்க."

லாரி உள்ளே போய்விட்டது. கேட்டைச் சாத்தினார்கள். கிழங்கு சீவ ஆரம்பித்தால் சரக் சரக்கென்று வெளியே வரைக்கும் கேட்கும். நாங்கள் சுவரை ஒட்டி நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்தச் சத்தம் வந்தால் பச்சையம்மாவின் இடம் போச்சு, எங்கள் எல்லாருடைய இடமும் போச்சு. அக்கா மட்டும் மரத்தடியில் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

சத்தம் வரவில்லை. மேஸ்திரி கத்துகிற சத்தம்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் கேட்டு திறந்து, மலைப் பெண்களில் ஒருத்தி தனியாக வெளியே வந்தாள். ஒல்லியாக, உயரமாக இருந்தாள். ராமாயி என்று பேர். நேராக அக்காவிடம் வந்தாள்.

"கத்தி எல்லாம் வரிசையா தரையில கீது. அவரு இன்னான்னா, வேலை வேணாம்னு வுட்டுட்டுப் பூட்டாளுங்க, எடுத்துக்கிங்கன்றாரு. வேணாம்னு போறவ கத்திய எடுத்துக்கினுதானே போவா?"

"வேணாம்னு போகல" என்றார் அக்கா. "திரும்பி வருவோம்னு வச்சிட்டு வந்தோம்."

ராமாயி தலையாட்டினாள். "எங்க மலையில தேன்கூடு பாத்தவங்க மரத்துல தழைய சொருவி வச்சிட்டுப் போவாங்க. வேற யாரும் அதத் தொட மாட்டோம். பசியா இருந்தாலும் தொட மாட்டோம்."

அப்புறம் தூளிக்குள் எட்டிப் பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். பச்சையம்மா சொன்னாள். ராமாயி உள்ளே திரும்பிப் போனாள். சற்று நேரத்தில் மலைப் பெண்கள் அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு வெளியே வந்து, எங்களோடு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தியும் ஒரு கத்தியைத் தொடவில்லை.

அவர்களுக்கும் கிழங்கு வேகவைத்துப் போட்டோம். எங்களைவிடப் பசித்திருந்தார்கள். வந்த வேலையை விட்டுவிட்டு வெறுங்கையோடு மலையேறப் போகிறார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அக்கா அழுது நான் பார்த்த ஒன்றிரண்டு தருணங்களில் அது ஒன்று. கொண்டுவந்த லாரி அவர்களை ஏற்ற மறுத்துவிட்டது. பஸ் தொழிலாளர்கள் தங்களுக்குள் காசு சேர்த்து டிக்கெட் போட்டு அவர்களைக் கச்சிராயபாளையம் வரை கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து நடந்தே வெள்ளிமலைக்கு மேலே போனார்கள். பஸ் புறப்படும்போது ஜன்னல் வழியாக ராமாயியின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னது, "அடுத்த பருவத்துக்கு வா. என் பக்கத்துல எடம் போட்டு வைக்கிறேன்."

உரித்த கிழங்கு இல்லை, ஆள் இல்லை, ரயிலடியில் மூட்டை நகரவில்லை. முதலாளி பேச வந்தார். தாலுகா ஆபீசில் உட்கார்ந்தோம். அதிகாரி எங்களைப் பார்த்து, வேலையை விட்டு ஏன் வெளியேறினீர்கள் என்று கேட்டார். தோழர் பதில் சொல்ல வாய் திறந்தார். அதற்குள் அக்கா எழுந்துவிட்டார்.

"வேலைய வுடலிங்க. தண்ணி குடிக்கப் போனோம். கத்தி அங்கயே கீது, ஆள் அனுப்பிப் பாருங்க."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளிக்கு வரவில்லை. ஆனால் மூன்று கோரிக்கையும் கையெழுத்தாயின. மறுநாள் காலையில் பச்சையம்மாவை முன்னால் விட்டு நாங்கள் பின்னால் போனோம். அவள் தன் இடத்தில் கத்தியை வைத்து உட்கார்ந்தாள். எங்கள் கத்திகள் துருப்பிடித்து, வைத்த இடத்தில் வைத்தபடியே கிடந்தன. ஒவ்வொருத்தியும் தன் கத்தியைத் தேடிப் போய் உட்கார்ந்தாள். சரக் சரக்கென்று சத்தம் கேட்கத் தொடங்கியபோது அதைவிட இனிப்பான சத்தம் உலகத்தில் இல்லை என்று தோன்றியது.

அடுத்த பருவத்தில் ராமாயி வந்தாள். முதலாளி வேண்டாம் என்றார், அக்கா தண்ணீர்க் குடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார், முதலாளி சரி என்றார். அக்கா தன் கத்தியை ஒரு முழம் நகர்த்திவைத்து அவளுக்கு இடம் விட்டார். அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் ராமாயி. மலையிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சாமையும் பலாப்பழமும் வரும். ராமாயியின் தம்பியையும் இன்னும் சிலரையும் எங்கோ தூரத்துச் செங்கல் சூளைக்குக் கூட்டிப்போய் வெளியே விடாமல் வைத்திருந்தபோது, சங்கத்து ஆட்களோடு அக்கா தானே கிளம்பிப் போய் அவர்களைக் கூட்டிவந்தார். போன இடத்துப் பாஷை அக்காவுக்குத் தெரியாது. "கத்துறதுக்கு பாஷ எதுக்குடி?" என்றார் என்னிடம்.

பிறகு அந்த ஆலை மூடப்பட்டது. மாமா போனார். என் வீட்டுக்காரரும் போனார். செல்வம் சென்னையில் வேலைக்குப் போய்விட்டான். ஒரே சுவரை ஒட்டிய இரண்டு வீட்டில் அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். விடிந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து சுவரில் ஒரு தட்டு தட்டுவார். நான் இந்தப் பக்கத்திலிருந்து தட்டுவேன். ரெண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம். சங்கத்து ஊர்வலம் எங்கே என்றாலும் முழங்கால் வலியோடு போய் முன்வரிசையில் நிற்பார். உனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டால் "தாகம்" என்பார்.

கடைசியில் மூச்சு முட்டல் வந்து படுத்தார். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் நன்றாகத்தான் பார்த்தார்கள். கொஞ்சம் தேறியதும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வந்துவிட்டார். ஒரு நாள் மத்தியானம் தலையணைக்கு அடியிலிருந்து அந்தப் பழைய கத்தியை எடுத்தார். தீட்டித் தீட்டி அலகு சுண்டுவிரல் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. பிடியில் துணி சுற்றியிருந்தது. கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டு எனக்கு எதிரே தரையில் வைத்தார்.

"எடுத்துக்கோ" என்றார்.

நான் எடுக்கவில்லை.

"இன்னாடி, கையில குடுத்தாதான் வாங்குவியா? அப்பறம் சண்ட வரும்."

"நான் எடுக்க மாட்டேங்க்கா. நான் எடுத்தா உன் இடம் பூடும்."

அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. முதுகைத் தடவிக்கொடுத்தேன். "ராமாயி மாதிரியே நிக்கிற பாரு" என்றார். கத்தி தரையிலேயே கிடந்தது. ஒரு விடியலில் நான் சுவரைத் தட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து தட்டு வரவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களை விட்டுவிடக் கூடாது. அக்காவுக்கு மூச்சு கொடுத்துப் பார்த்த மருத்துவர்கள், நர்ஸம்மாக்கள் எல்லாருக்கும் எங்கள் வணக்கம். துக்க வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த எங்கள் தெருவுக்கு, அன்றைக்கு ஒரு கை அரிசி கொடுத்த அதே தெருவுக்கு, நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள். கொடி போர்த்திய சங்கத் தோழர்களுக்கும், மூட்டையைத் தொட மறுத்த தோளில் அக்காவைச் சுமந்த ரயிலடித் தொழிலாளர்களுக்கும் நன்றி. மழையில் நனைந்துகொண்டு மலையிறங்கி வந்த ராமாயிக்கும் அவர் வீட்டாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கோவிந்தன் அண்ணனின் பிள்ளைகள் காரியத்தன்று ஒரு மூட்டை மரவள்ளி கொண்டுவந்து இறக்கினார்கள். பச்சையம்மாவும், தூளியில் அழுத அந்தப் பிள்ளையும் வந்து நின்றார்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறார். எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

செல்வம், நீ சொன்ன மரியாதையை இதுவரைக்கும் காப்பாற்றிவிட்டேன். இனி முடியாது.

அக்கா, ராமாயி எடுக்காததால் நீ உன் இடத்துக்குத் திரும்பி வந்தாய். நானும் எடுக்கவில்லை. நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. கூட்டும்போது அதைச் சுற்றித்தான் கூட்டுகிறேன். காரியத்துக்கு வந்தவர்கள் எடுக்கப் பார்த்தார்கள், நான் விடவில்லை. கத்தி கிடந்தால் ஆள் வருகிறது என்றுதானே அர்த்தம். தண்ணி குடிக்கப் போனவ இவ்வளவு நேரமா? வாக்கா.